ஒற்றைப்படை எல்லாம் பாலை

அகநானூற்றில் எந்தப் பாட்டின் எண்ணைச் சொன்னாலும், பாட்டைப் படிக்காமலே அதன் திணையைச் சொல்லிவிடலாம். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையெல்லாம் பாலை. இரண்டும் எட்டும் குறிஞ்சி. நான்கு முல்லை. ஆறு மருதம். பத்து நெய்தல். இந்தப் பத்துப் பாட்டுச் சுற்று நாற்பது முறை வருகிறது. கணக்குப் போட்டால் பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் தலா 40. தொகுத்தவர் உப்பூரிகுடிகிழார் மகனார் உருத்திரசன்மர், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்று மரபு சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் பண்ணி ரெண்டு மார்க் வாங்கியிருப்போம். அதோடு சரி.

அந்த வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இருநூறு பாலைப் பாட்டையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரு பக்கம் வைத்திருக்கலாம். ஐங்குறுநூறு அப்படித்தான் இருக்கிறது, திணைக்கு நூறு. கலித்தொகையும் திணைவாரியாகத்தான் போகிறது. உருத்திரசன்மர் அப்படிச் செய்யவில்லை. ஒரு பிரிவு, ஒரு கூடல், மறுபடி பிரிவு, ஒரு காத்திருப்பு, மறுபடி பிரிவு, ஒரு ஊடல். இரட்டைப்படைப் பாட்டு எதை எடுத்தாலும் அதற்கு முன்னால் ஒரு பிரிவு நிற்கிறது, பின்னால் ஒரு பிரிவு நிற்கிறது. காதலைப் பற்றி இவ்வளவு பெரிய கருத்தை ஒரு வரிகூடச் சொந்தமாக எழுதாமல் ஒருவர் சொல்லியிருக்கிறார். தொகுப்பதுதான் விமர்சனத்தின் முதல் வடிவம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

போன வருஷம் ஒரு கேசட் பதிவு செய்தேன். ஒரு பக்கத்துக்கு ஐந்து என்று பத்துப் பாட்டு. எல்லாம் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்து நாட்டுப்பாடல்களும், அமெரிக்கக் கறுப்பர்களின் 'சோல்' பாடல்களும். எல்லாம் காதல் பாட்டு. அதை அகநானூற்று வரிசையில் அடுக்கினேன். அந்த அடுக்கு எனக்கு என்ன காட்டியது என்பதுதான் இந்தக் கட்டுரை. முதலில் கேசட்டைப் பற்றிக் கொஞ்சம்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் பாதி வரையிலும் திண்டிவனத்தில் ரெக்கார்டிங் கடைகள் இருந்தன. தமிழ்நாட்டில் எந்தச் சின்ன ஊரிலும் இருந்தன. கடையில் ஒரு நீளமான நோட்டு இருக்கும், படம் வாரியாகப் பாட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். வெற்றுக் கேசட் ஒன்றை வாங்கி, நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ரெண்டு நாள் கழித்துப் போனால் கிடைக்கும். அறுபது நிமிஷக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். நாலரை நிமிஷப் பாட்டாக ஆறு போடலாம், இழுத்துப் பிடித்தால் ஏழு. ஏழாவது பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்து போகும். "பரவால்லயா, இல்ல வேற சின்னப் பாட்டு போடட்டுமா?" என்று கடைக்காரர் கேட்பார். கேசட்டின் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் காதை உடைத்துவிட்டால் அதில் யாரும் மேலே பதிய முடியாது. மனசு மாறினால் அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் போதும்.

இந்தக் கெடுபிடிதான் பட்டியல் போடுகிறவனை யோசிக்க வைத்தது. பன்னிரண்டு பாட்டுக்குத்தான் இடம் என்றால் பதின்மூன்றாவதை ஏன் விடுகிறோம் என்று நமக்கு நாமே பதில் சொல்லியாக வேண்டும். எந்தப் பாட்டு முதலில், எது பக்கம் முடியும் இடத்தில், கேசட்டைத் திருப்பிப் போட்டதும் எது வர வேண்டும், எல்லாம் தீர்மானிக்க வேண்டும். பிளஸ் டூ படிக்கும் பையன் ராத்திரி உட்கார்ந்து துண்டுச் சீட்டில் நம்பரை அடித்து அடித்துத் திருத்திய அந்த வேலையை நான் விமர்சனம் என்றுதான் சொல்வேன். அவன் கட்டுரை எழுதவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. கேசட்டின் உள்ளட்டையில் பாட்டுப் பட்டியலைக் கடைக்காரரே எழுதித் தருவார், ஸ்கெட்ச் பேனாவில், சாய்ந்த எழுத்தில். கொடுப்பவனின் கையெழுத்து எங்கேயும் இருக்காது. பெயர் இருக்காது. காதல் கடிதம் அகப்பட்டால் அது சாட்சி. கேசட் அகப்பட்டால் அது பாட்டு கேசட். "கடையில வாங்கினேன்" என்று சொல்லிவிடலாம். அகப்பாடலில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சூட்டக் கூடாது என்று தொல்காப்பியம் வைத்த விதியை இலக்கண விதியாக மட்டும் படித்தால் இது புரியாது. ஊர் வாய்க்கு அகத்திணையில் 'அலர்' என்று தனிச்சொல்லே இருக்கிறது. பெயர் தெரிந்தால் அலர். எங்கள் பக்கத்தில் அது அலரோடு நிற்பதில்லை. 2003ல் விருத்தாசலம் பக்கம் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட கண்ணகிக்கும் முருகேசனுக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆனது. பெயர் சொல்லாமல் காதலைச் சொல்லும் வழி இந்த ஊர்களில் ஒருவரின் உயிரோடு சம்பந்தப்பட்டது.

இனி இந்தக் கேசட்டுக்கு வருகிறேன். என் அக்கா மகள் நர்ஸ். டப்ளின் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனவள். அவளும் அக்காவும் பேசி நாலு வருஷமாகிறது. எனக்கு மட்டும் போன் வரும். அங்கே கூட வேலை பார்க்கிறவர்கள் பாடிக் கேட்ட ஐரிஷ் பாட்டுகளை அனுப்பிக்கொண்டே இருப்பாள். "மாமா, நீங்க அந்தக் காலத்துல போடுவீங்களே அந்த இங்கிலீஷ் பாட்டுங்க, அதையும் இதையும் கலந்து ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்களேன்" என்றாள். அந்தக் காலத்துப் பாட்டு என்று அவள் சொன்னது சோல் பாட்டுகளை. பாண்டிச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பழைய கேசட்டுகள் கிடைக்கும். அரீத்தா ஃப்ராங்க்ளின் எனக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

'செல்டிக்' என்ற சொல் எனக்கு அவ்வளவு ஒப்பாது. இசைத்தட்டு விற்கிறவர்களுக்கு அது வசதியான லேபிள். பனிமூட்டம், பச்சை மலை, ஒரு யாழ் படம் போட்ட அட்டை, அவ்வளவுதான் அதில் பாதி. அயர்லாந்துக்காரர்கள் தங்கள் பாட்டை வெறுமனே பாரம்பரியப் பாட்டு என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்தப் பாட்டுகளைச் சோலோடு சேர்க்க நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது, அதன் பெயர் வான் மோரிசன். 1945ல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தவர். அப்பா சேர்த்து வைத்திருந்த அமெரிக்க இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். 1988ல் 'தி சீஃப்டன்ஸ்' குழுவோடு சேர்ந்து 'ஐரிஷ் ஹார்ட்பீட்' என்ற ஆல்பம் போட்டார். ஊர்ப் பாட்டுகளைத் தேவாலயத்து மூச்சோடு பாடுகிறார். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விடாமல் திரும்பத் திரும்பச் சுற்றுகிறார், கோயிலில் ஓதுவார் ஒரு அடியில் நின்றுவிடுவது மாதிரி. இரண்டையும் சேர்க்க முடியும் என்று அந்த ஆல்பம் காட்டிவிட்டது. எப்படி அடுக்குவது என்பதுதான் மிச்சம்.

முதல் பாட்டு அதிலிருந்தே: 'கேரிக்ஃபெர்கஸ்'. ஊரைவிட்டு எங்கோ கிடக்கிறவன், நடுவில் கடல், நீந்திப் போக முடியாது, சிறகும் இல்லை. இது நெய்தல்தானே, கடல் வருகிறதே என்று கேட்கலாம். நிலத்தைப் பார்த்தால் நெய்தல், உரிப்பொருளைப் பார்த்தால் பாலை. பாலைக்கென்று சொந்தமாக நிலம் கிடையாது, குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் திரிந்தால் அதுதான் பாலை என்கிறது சிலப்பதிகாரம். அயர்லாந்தில் வெயில் ஏது? அங்கே திரிந்தது கடல். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு லட்சக்கணக்கான பேரைக் கொண்டுபோன கடல். தமிழ்த் தலைவன் பொருள் தேடிப் போகும் சுரம் எதுவோ அது அவர்களுக்கு அட்லாண்டிக். கடல் பயணத்தில் பெண்ணைக் கூட்டிப் போகும் வழக்கமில்லை என்று தொல்காப்பியம் ஒரு இடத்தில் சொல்வதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். என் அக்கா மகள் விமானத்தில் போனாள்.

இரண்டாவது குறிஞ்சி. 'வைல்ட் மவுன்டன் தைம்', பெல்ஃபாஸ்ட் மெக்பீக் குடும்பத்தார் 1950களில் பதிவு செய்து பரவிய பாட்டு. பழைய ஸ்காட்டிஷ் பாட்டொன்றிலிருந்து வளர்ந்தது. மலையில் பூ பூத்திருக்கிறது, பறிக்கப் போகலாம் வருகிறாயா என்று கூப்பிடுகிறான். முதல், கரு, உரி மூன்றும் வரிசையாக நிற்கும் குறிஞ்சிப் பாட்டு. நான் எதையும் வளைக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது, 'ஷி மூவ்டு த்ரூ தி ஃபேர்'. பழைய மெட்டுக்குக் கவிஞர் போட்ரிக் கொலம் சொல் அமைத்து 1909ல் அச்சானது. 1969ல் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் ஆல்பத்தில் சேன்டி டென்னி பாடியதை எடுத்தேன். நம் கல்யாணத்துக்கு இன்னும் ரொம்ப நாளில்லை என்று சொல்லிவிட்டு ஒருத்தி சந்தைக்கூட்டத்துக்குள் நடந்து போகிறாள். கடைசிக் கண்ணியில் ராத்திரி சத்தமில்லாமல் வருகிறாள், அதே வார்த்தையைச் சொல்கிறாள். அவள் செத்துப்போனவள் என்பதை வெளிப்படையாகக் காட்டும் சொல்லைச் சில பாடகர்கள் சேர்த்துப் பாடுவார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். ஒரு சொல்தான். அது இருந்தால் இரங்கல், இல்லாவிட்டால் பிரிவு. தொகுக்கிறவன் எந்தப் பாடகரின் வடிவத்தை எடுக்கிறான் என்பதிலேயே திணை மாறிவிடுகிறது.

நான்காவது முல்லை. இங்கேதான் சோல் உள்ளே வருகிறது. 'ஐ சே எ லிட்டில் பிரேயர்', 1967ல் டியோன் வார்விக் பாடியது, 1968ல் அரீத்தா ஃப்ராங்க்ளின் பாடியது. காலையில் எழுந்து தலைவாரி, உடுத்தி, பஸ் பிடிக்க ஓடி, வேலைக்குப் போகிற ஒருத்தி ஒவ்வொரு நிமிஷத்திலும் அவனுக்காக ஒரு சின்னப் பிரார்த்தனை வைத்துக்கொள்கிறாள். மேலோட்டமாகக் கேட்டால் குதூகலமான பாட்டு. ஆனால் பாட்டெழுதிய ஹால் டேவிட் மனதில் இருந்தது வியட்நாம் போருக்குப் போனவனை நினைத்துக்கொண்டிருக்கும் பெண். அது தெரிந்த பிறகு கேட்டால் அந்தச் சுறுசுறுப்பே கலக்கமாக மாறிவிடுகிறது. பாசறையில் அவன், மாலைப் பொழுதில் அவள் என்பது நம் முல்லை. இவளுக்கு மாலைப் பொழுது இல்லை, காலை ஷிப்ட் இருக்கிறது.

ஐந்தாவது மறுபடி பாலை, ஆனால் உடன்போக்கு. 'மிட்நைட் டிரெயின் டு ஜார்ஜியா', 1973, கிளாடிஸ் நைட்டும் பிப்ஸும். லாஸ் ஏஞ்சல்ஸில் ஜெயிக்க வந்து தோற்றுப் போனவன் ராத்திரி ரயிலில் ஊர் திரும்புகிறான், அவளும் கூடப் போகிறாள். இந்தப் பாட்டின் அழகு பின்னால் பாடும் மூன்று ஆண்களில் இருக்கிறது. அவள் ஒரு வரி சொன்னால் அவர்கள் அதை ஏந்திப் பதில் சொல்கிறார்கள், கேலி செய்கிறார்கள், கடைசியில் அவளோடு சேர்ந்து ரயில் சத்தமும் போடுகிறார்கள். உடன்போக்கில் வழியில் எதிர்ப்படுகிறவர்கள் பேசும் பாட்டுகள் அகத்தில் உண்டு, 'கண்டோர் கூற்று' என்று போட்டிருக்கும. பிப்ஸ் மூன்று பேரும் எனக்குக் கண்டோர்தான். முதல் பக்கம் இங்கே முடிகிறது, ரயில் கிளம்பிவிட்டது.

கேசட்டைத் திருப்பிப் போட்டால் ஆறாவது, மருதம். கூடப் போனவள் குடும்பம் நடத்துகிறாள். 'ரெஸ்பெக்ட்'. 1965ல் ஓடிஸ் ரெடிங் எழுதிப் பாடினார், வேலை முடிந்து வீட்டுக்கு வரும் ஆண் மரியாதை கேட்கும் பாட்டு. 1967ல் அதே பாட்டை அரீத்தா எடுத்து, கேட்கிறவளைப் பெண்ணாக்கினார். மெட்டும் பெரும்பாலான சொற்களும் அதேதான். கூற்று மாறியது, பாட்டே வேறாகிவிட்டது. தலைவன் கூற்றைத் தலைவி கூற்றாக்கியதுதான் அந்தப் பாட்டின் வரலாறு.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் புலவர் ஒருவரை அழைத்து வர வேண்டும். சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனின் ஓய்மாநாட்டில் கிடங்கில் முக்கியமான ஊர். இன்று திண்டிவனத்துக்குள்ளேயே கிடங்கல் என்று இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு வைத்திருக்கும் குலபதி நக்கண்ணனார் குறுந்தொகையில் ஒரு பாட்டு பாடியிருக்கிறார், 252வது. பிரிந்து போய் வளை கழலும்படி விட்டவன் திரும்பி வருகிறான், இவள் முகம் சுளிக்காமல் வரவேற்கிறாள். நீ என்ன இப்படி ஒரு பேதை என்று தோழி கடிந்துகொள்கிறாள். அதற்குத் தலைவி சொல்லும் பதில்: பெரியவர்கள் தம்மைப் புகழ்ந்தாலே கூசுவார்கள், பழித்தால் எப்படித் தாங்குவார்கள்? அபாரமான பதில். இங்கிதம், உள்ளே ஒரு மெல்லிய குத்தல். ஆனால் அரீத்தாவின் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த இங்கிதத்தின் விலை என்னவென்று தெரிந்துவிடுகிறது. நக்கண்ணனாரின் தலைவி அவனுடைய கௌரவத்தைக் காப்பாற்றுகிறாள். அரீத்தாவின் தலைவி தன்னுடையதைக் கேட்கிறாள், அதையும் எழுத்துக்கூட்டிக் கேட்கிறாள். என்னிடம் ரெண்டில் எது நல்ல பாட்டு என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன். என் அக்கா மகளுக்கு எது வேண்டும் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன்.

ஏழாவது பாலை, 'ராக்லன் ரோடு'. பேட்ரிக் கவனாவின் கவிதை, ஒரு பழைய ஐரிஷ் மெட்டில் டப்ளினர்ஸ் குழுவின் லூக் கெல்லி பாடியது. இது 1946ல் டப்ளின் நாளிதழ் ஒன்றில் முதலில் வந்தபோது தலைப்பில் வேறு ஒரு பெண்ணின் பெயரைப் போட்டிருந்தார் கவிஞர். உண்மையில் யாரை நினைத்து எழுதினார் என்பது ஊருக்குத் தெரியக் கூடாது. எட்டாவதும் இதே கதைதான், அது குறிஞ்சி. சாம் குக் 1957ல் பாடிய 'யூ சென்ட் மீ'. வார்த்தைக்கு வேலையே இல்லாத பாட்டு, முதல் கிறக்கத்தில் ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லி மயங்குவது. சாம் குக் அதற்கு முன் 'சோல் ஸ்டிரர்ஸ்' குழுவில் தேவாலயப் பாடகர். தேவனைப் பாடிய மெட்டில் ஒரு பெண்ணைப் பாடிய முதல் தட்டைத் தன் பெயரில் போடப் பயந்து, டேல் குக் என்ற பெயரில் வெளியிட்டார். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சோலின் மூலக்கதையே இதுதான்: கடவுளுக்குப் பாடியதைக் காதலிக்குத் திருப்பியது. ரே சார்ல்ஸ் 1954ல் தொடங்கி வைத்தது. தமிழில் இதே பாதையில் எதிர்த்திசையில் நடந்திருக்கிறோம். அகத்தில் காதலனுக்குச் சொன்னதை எடுத்து நம்மாழ்வார் கடவுளுக்குச் சொன்னார், பராங்குச நாயகியாக நின்று. அதனால் சோல் பாட்டைக் கேட்கும்போது தமிழ்க் காதுக்கு ஒரு பழகிய மணம் வருகிறது. நாம் ஏறிய படியில் அவர்கள் இறங்கி வருகிறார்கள், நடுப்படியில் பார்த்துக்கொள்கிறோம்.

ஒன்பதாவதுக்குத்தான் அதிக நாள் எடுத்தேன். பாலையில் இன்னும் ஒரு குரல் பாக்கியிருந்தது. அகநானூற்றுப் பாலையில் காதலர்கள் மட்டும் பேசுவதில்லை. மகள் உடன்போனபின் வீட்டில் நிற்கும் தாய் பேசுகிறாள், வளர்த்த செவிலி பேசுகிறாள். அவள் விளையாடிய இடத்தைப் பார்க்கிறார்கள், அந்தச் சின்னக் கால் காட்டில் எப்படி நடக்கும் என்கிறார்கள். நம் மரபு இதையும் காதல் பாட்டு என்று வகைப்படுத்தியது. இதுதான் எனக்கு ஆச்சரியம். காதல் ரெண்டு பேர் விவகாரம் என்று பழையவர்கள் நினைக்கவில்லை. போனவளுடைய காதலின் கணக்கில் வீட்டில் இருக்கிறவளின் அழுகையும் சேர்ந்தது. சோல் காதல் பாட்டில் அம்மாவைத் தேடினேன். அம்மா அறிவுரை சொல்வாள், எச்சரிப்பாள். மகள் போன பிறகு காலி வீட்டில் நிற்கும் அம்மா எனக்கு அகப்படவில்லை.

ஐரிஷில் கிடைத்தது. 'கில்கெல்லி, அயர்லாந்து'. பாட்டு பழசில்லை. பீட்டர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கர், தன் மூதாதைக்கு மாயோ மாவட்டம் கில்கெல்லியிலிருந்து வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடிதங்கள் வீட்டுப் பரணில் கிடைக்க, அவற்றை வைத்துச் செய்த பாட்டு. அமெரிக்கா போன மகனுக்கு அப்பா முப்பது வருஷம் எழுதுகிறார். யார் பிறந்தார்கள், யார் போனார்கள், விளைச்சல் எப்படி, நீ எப்போ வருவே. கடைசிக் கடிதம் அப்பா செத்த செய்தி. ஒவ்வொரு கண்ணியும் ஒரு கடிதம், அதே மெட்டு, அழுகை கிடையாது. காதல் பாட்டுப் பட்டியலில் இதை யாரும் சேர்க்க மாட்டார்கள். அகநானூற்றுக் கணக்கில் இது சேரும், ஒன்பதாவது எண்ணில் கச்சிதமாகச் சேரும். அந்தக் கடிதங்களை அப்பாவுக்காக எழுதித் தந்தவர் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் என்பதைப் படித்தபோது ரெக்கார்டிங் கடைக்காரரின் சாய்ந்த எழுத்துதான் நினைவுக்கு வந்தது. நெஞ்சில் இருப்பது ஒருவருக்கு, கை இன்னொருவருடையது. தலைவிக்காக நக்கண்ணனார் எழுதியதும் வேறென்ன?

பத்தாவது நெய்தல். ஓடிஸ் ரெடிங், 'தி டாக் ஆஃப் தி பே'. கரையில் ஒருவன் உட்கார்ந்து அலை வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். காதலி என்று ஒருத்தி பாட்டில் இல்லவே இல்லை. ஆனால் பிறந்த ஊரைவிட்டு ரெண்டாயிரம் மைல் வந்து, எதுவும் மாறாமல் தனியாக உட்கார்ந்திருப்பதில் இரங்கல் முழுசாக இருக்கிறது. இதைப் பதிவு செய்த சில நாட்களில், 1967 டிசம்பர் 10ம் தேதி, விமான விபத்தில் ஓடிஸ் இறந்துபோனார். பாட்டு 1968 ஜனவரியில் வந்தது. ஆறாவதில் அரீத்தா எடுத்துக்கொண்ட பாட்டின் சொந்தக்காரர் பத்தாவதில் தனியாக வந்து உட்காருகிறார். மரக்காணத்துக் கரையில் இதைக் கேட்டுப் பார்த்தேன். சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் அதுதான் என்பார்கள். பின்னால் உப்பளம், முன்னால் அலை. பாட்டுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை.

இந்த அடுக்கில் ஒட்டாததும் உண்டு, சொல்லிவிட வேண்டும். ஐந்திணை ஒரு கிராமத்து உலகத்தின் வரைபடம். சோல் பாட்டு பிறந்தது மெம்பிஸ், டெட்ராய்ட் மாதிரி நகரங்களில், வாரச் சம்பளம் வாங்கும் மனிதர்களிடம். அரீத்தாவின் தலைவி பணத்தைப் பற்றிப் பேசுகிறாள், தன் பணம் தன்னிடம் இருக்கிறது என்கிறாள். மருதத் தலைவிக்கு அந்த வாக்கியம் வாயில் வராது. அடிமை வரலாறு அந்தக் குரல்களின் அடியில் ஓடுகிறது. அதற்கு நம் திணையில் பெட்டி கிடையாது. திணை ஒரு கேள்விதான்: இந்தப் பாட்டில் பேசுவது யார், யாரிடம், எந்த இடத்தில் நின்று? பதில் முழுசாகப் பொருந்த வேண்டும் என்று அவசியமில்லை. கேட்டால் பாட்டு இன்னும் கொஞ்சம் திறக்கிறது, அவ்வளவுதான்.

இன்றைக்குப் போனில் ஒரு பாட்டு போட்டால் அடுத்ததை அதுவே போட்டுக்கொள்கிறது. பிடித்ததற்குப் பக்கத்தில் பிடித்தது, சோகத்துக்குப் பக்கத்தில் சோகம். அது ஐங்குறுநூற்று முறை என்று வைத்துக்கொள்ளலாம், ஒரே ரகம் நூறு. 'ரெஸ்பெக்ட்' பாட்டுக்கு அடுத்து 'ராக்லன் ரோடு' போட அதற்குத் தோன்றாது. எதிரெதிராக நிற்பவற்றைப் பக்கத்தில் வைத்து, ஒன்றைக்கொண்டு இன்னொன்றைக் கேட்க வைப்பதுதான் உருத்திரசன்மர் செய்தது. தொகுக்கிறவன் பாட்டு எழுதுவதில்லை, கூற்று எழுதுகிறான். பழைய உரைக்காரர்கள் பாட்டுக்கடியில் ஒரு வரி போடுவார்களே, தலைவி தோழிக்குச் சொல்லியது என்று, அந்த வரி.

உள்ளட்டையிலும் அப்படியே எழுதினேன். ஐந்தாவதுக்கு எதிரே 'உடன்போக்கில் தலைவி கூற்றும் கண்டோர் கூற்றும்'. ஒன்பதாவதுக்கு எதிரே 'சேயிடைச் சென்ற மகனை நினைந்து தந்தை கூறியது'. போனிலிருந்து ஒயர் போட்டுப் பழைய டெக்கில் பதிவு செய்ததால் பின்னணியில் ஒரு இரைச்சல் இருக்கிறது. இருக்கட்டும்.

பத்துப் பாட்டும் சேர்ந்து ஏறத்தாழ நாற்பது நிமிஷம். பட்டியலை மருமகளுக்குப் போனில் அனுப்பினேன். கேசட்டை அக்காவிடம் கொடுத்தேன். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒன்பதாவது பாட்டு ஓடும்போது, "இது யாரு, என்ன சொல்றான்?" என்றாள். சொன்னேன். "எத்தினி வருசம் எழுதினான்?" என்று கேட்டாள். முப்பது என்றேன். ஒன்றும் பேசவில்லை.

அகநானூற்றின் நானூறாவது பாட்டு நெய்தல். அதற்குப் பின்னால் மட்டும் பாலை இல்லை, எதுவும் இல்லை. ஓடிஸின் பாட்டிலும் முடிவில் சொற்கள் தீர்ந்து சீட்டி மட்டும் கேட்கிறது. அதற்கப்புறம் இரண்டாம் பக்கத்தில் சுமார் பத்து நிமிஷம் வெற்று டேப் ஓடுகிறது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களுக்கு ஒருகாலத்தில் வீட்டிலிருந்து குரலைக் கேசட்டில் பதிந்து அனுப்புவார்கள், எழுதத் தெரியாத தாய்மார்கள் பேசி அனுப்புவார்கள். கேசட்டின் காதை நான் உடைக்கவில்லை.